ஸ்டேஜ் ஒன்று என்றால் போதுமா? கருப்பை வாய்ப் புற்றுநோயில் சில மில்லிமீட்டர் கணக்கு

நம்மில் பாதிப் பேர் வீட்டில் முதல் பட்டதாரி. நாம மெக்கானிக்கல் படிக்கிறோமா, ஐ.டி. படிக்கிறோமா என்றெல்லாம் வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரி ரிப்போர்ட் இங்கிலீஷில் வந்தால் "இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு" என்று நம்ம கையில்தான் கொடுப்பாங்க. சுகர் ரிப்போர்ட் என்றால் சமாளிச்சிடலாம். பயாப்சி ரிப்போர்ட் வந்தா?

இந்த மாதப் பாடம் அப்படிப்பட்ட ஒரு ரிப்போர்ட்டைப் பற்றியது. கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆரம்ப நிலையில் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு அடுத்து எழும் பெரிய கேள்வி, அது நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருக்கிறதா இல்லையா என்பதுதான். ஆபரேஷனா, கதிர்வீச்சா, இரண்டுமா, எத்தனை வாரம் என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது. அந்தப் பதிலை முன்கூட்டியே கணிக்க மருத்துவர்கள் எதையெல்லாம் பார்க்கிறார்கள் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். பயாலஜியை பன்னிரண்டாம் வகுப்போடு விட்டவர்களுக்கும் புரியும்.

இந்த நோய் எவ்வளவு பெருசு?

கருப்பையின் கீழ்ப்பகுதி பிறப்புறுப்பில் வந்து திறக்கும் இடம்தான் கருப்பை வாய். அங்கே வரும் புற்றுநோய்க்கு ஏறக்குறைய எல்லாருக்கும் அடிப்படைக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். அதிலும் 16, 18 ஆகிய இரண்டு வகைகள் முக்கியமானவை. இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022-க்குப் போட்ட கணக்குப்படி, இந்தியாவில் ஒரே ஆண்டில் சுமார் 1,27,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்தது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் இது சட்டென்று வரும் நோய் கிடையாது. வைரஸ் தொற்றி, செல்கள் மாறி, புற்றாக ஆவதற்குப் பெரும்பாலும் பத்து, பதினைந்து ஆண்டுகள் எடுக்கும். அவ்வளவு அவகாசம் இருந்தும் இத்தனை மரணம் நடக்கிறது என்றால், நோய் கண்ணில் படும்போது பலருக்கும் அது வெகுதூரம் போயிருக்கிறது என்று அர்த்தம்.

'நெறி கட்டுவது' தெரியும்தானே?

காலில் முள் குத்திப் புண்ணாகிவிட்டால் தொடை இடுக்கில் உருண்டையாக ஒரு வீக்கம் வரும். "நெறி கட்டியிருக்கு" என்போம். அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு.

உடம்பில் ரத்தக் குழாய்களைப் போலவே இன்னொரு குழாய் வலையும் ஓடுகிறது. திசுக்களின் இடுக்கில் கசியும் நீரை அது வாரி எடுத்து, கடைசியில் கழுத்துக்குக் கீழே ரத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். வழியில் அவரைக் கொட்டை வடிவத்தில் சின்னச் சின்ன வடிகட்டிகள் இருக்கும். கிருமி வந்தாலும் புற்றுச் செல் வந்தாலும் முதலில் மாட்டுவது அங்கேதான்.

காலுக்கான நெறி தொடை இடுக்கில், கைக்கான நெறி அக்குளில். கருப்பை வாய்க்கான நெறி எங்கே? இடுப்புக் குழிக்குள், பெரிய ரத்தக் குழாய்களை ஒட்டி, ஆழமாக இருக்கிறது. கையால் தொட்டுப் பார்க்க முடியாது. வலிக்கவும் செய்யாது. "கட்டி எதுவும் தட்டுப்படல, அதனால பயமில்ல" என்று வீட்டில் யாராவது சொன்னால் அந்த வாதம் இங்கே செல்லாது.

சிற்றாறும் குளங்களும்

இந்த வலையைப் புரிந்துகொள்ள தென்காசிக்காரர்களுக்கு வேறு படமே தேவையில்லை. குற்றாலத்தில் விழும் தண்ணீர் சிற்றாறாகத் தென்காசி வழியாக ஓடி, வழியில் அனுமன் நதி, கருப்பாநதி போன்றவற்றைச் சேர்த்துக்கொண்டு, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் கலக்கிறது. நடுவில் அணைக்கட்டுகள், கால்வாய்கள், குளங்கள். முதல் குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது.

மேலே ஓடையில் யாரோ சாயம் கலந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் குளத்தில் முதலில் நிறம் தெரியும்? ஓடைக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் குளத்தில்தான். கருப்பை வாய்ப் புற்றும் பெரும்பாலும் இதே மாதிரி வரிசையில்தான் போகும். முதலில் கருப்பை வாயின் இரு பக்கமும் இருக்கும் இணைப்புத் திசு, அடுத்து இடுப்புக் குழியின் பக்கச் சுவரில் உள்ள முடிச்சுகள், பிறகு அதற்கு மேலே, கடைசியில் வயிற்றின் பின்பக்கம் பெருந்தமனியை ஒட்டியவை. எப்போதாவது ஒரு குளத்தைத் தாண்டி அடுத்ததில் நிறம் தெரிவதும் உண்டு. பொதுவான ஓட்டம் இதுதான்.

இப்போ நம்ம கேள்வியை இப்படி மாற்றிக்கொள்ளலாம். ஓடையைப் பார்த்தே, 'சாயம் முதல் குளத்துக்குப் போயிருக்குமா' என்று கணிக்க முடியுமா? முடியும். அதற்கு நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள்.

காரணி 1: எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது?

கருப்பை வாயின் மேல் தோலில் நிணநீர்க் குழாய் கிடையாது. அதற்குக் கீழே இருக்கும் திசுவில்தான் அந்தக் குழாய்கள் தொடங்கும். புற்று மேல் தோலுக்குள்ளேயே இருக்கும் வரை வாய்க்காலைத் தொடவே இல்லை. கீழே இறங்க இறங்கத்தான் குழாய்களைச் சந்திக்கும் வாய்ப்பு கூடும்.

உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான 'ஃபிகோ' 2018-ல் வெளியிட்ட நிலைப் பிரிவு இந்த ஆழத்தை மில்லிமீட்டரில் எழுதியிருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரியும் புற்று 3 மி.மீ. ஆழத்துக்குள் இருந்தால் நிலை 1ஏ1. 3-க்கு மேல் 5 மி.மீ. வரை என்றால் 1ஏ2. அதற்கு மேல் ஆழம் போய், கருப்பை வாய்க்குள்ளேயே இருந்தால் 1பி. நிலை 1ஏ1-ல் நிணநீர் முடிச்சுக்குப் போயிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. 1பி-க்கு வந்தால் அது மொத்தமாகப் பார்க்கும்போது நூற்றுக்குப் பதினைந்து அளவுக்கு ஏறிவிடுகிறது. 3 மி.மீ. என்பது நம்ம லேபில் வெர்னியர் காலிப்பரில் அளக்கும் சாதாரண அளவு. இங்கே அதுதான் பெரிய ஆபரேஷனுக்கும் சின்ன ஆபரேஷனுக்கும் நடுவில் கோடு போடுகிறது.

ரிப்போர்ட்டில் ஆழத்தை இரண்டு விதமாக எழுதுவார்கள். ஒன்று நேரடி மி.மீ. இன்னொன்று, சுவரின் மொத்தத் தடிமனில் எந்த மூன்றில் ஒரு பங்கு வரை போயிருக்கிறது என்பது: மேல் பங்கா, நடுப் பங்கா, அடிப் பங்கா.

காரணி 2: கட்டியின் அளவு

2 செ.மீ. வரை 1பி1, அதற்கு மேல் 4 செ.மீ. வரை 1பி2, அதற்கும் மேல் 1பி3. 2018-க்கு முன்னால் 4 செ.மீ.-ல் மட்டும்தான் கோடு இருந்தது. 2 செ.மீ.-ல் புதுக் கோடு போட்டதற்குக் காரணம், அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு நோய் பரவுவதும் திரும்ப வருவதும் தெளிவாகவே குறைவு என்று தெரிய வந்ததுதான்.

பெரிய கட்டி பெரும்பாலும் ஆழமாகவும் இருக்கும். அதனால் 'அளவுதான் காரணமா, ஆழம்தான் காரணமா' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. இரண்டு மாறிகள் ஒன்றோடொன்று சேர்ந்து நகரும்போது எது தனியாக வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்கத்தான் பன்மாறி ரிக்ரெஷன் இருக்கிறது. புள்ளியியல் பேப்பரில் படித்ததுதான்.

காரணி 3: குழாய்க்குள் நுழைந்துவிட்டதா?

ரிப்போர்ட்டில் 'எல்.வி.எஸ்.ஐ.' என்று நான்கு எழுத்து இருக்கும். பக்கத்தில் 'இருக்கிறது' அல்லது 'இல்லை' என்ற பொருளில் ஒரே ஒரு சொல். கருப்பை வாயில் உள்ள மிக நுண்ணிய நிணநீர்க் குழாய்களுக்குள்ளோ ரத்தக் குழாய்களுக்குள்ளோ புற்றுச் செல்கள் மைக்ராஸ்கோப்பில் தெரிகின்றனவா என்பதைத்தான் அது சொல்கிறது. சாயம் வாய்க்காலில் இறங்கிவிட்டதா என்ற கேள்விக்கு நேரடிப் பதில் இது.

அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்த மகளிர் புற்றுநோய் ஆய்வுக் குழு ஒன்று, நிலை 1பி-யில் இருந்த 645 பெண்களை ஆபரேஷன் செய்து, எடுத்த திசுக்களை ஆராய்ந்து 1990 வாக்கில் முடிவுகளை வெளியிட்டது. மொத்தத்தில் 100 பேருக்கு, அதாவது 15.5 சதவீதம் பேருக்கு, இடுப்பு நிணநீர் முடிச்சில் புற்று இருந்தது. குழாய் ஊடுருவல் இருந்தவர்களில் மட்டும் பார்த்தால் நூற்றுக்குச் சுமார் 25 பேர். இல்லாதவர்களில் சுமார் 8 பேர். மூன்று மடங்கு வித்தியாசம். பன்மாறிக் கணக்கிலும் தனியாக நின்ற காரணிகளில் முன்னணியில் இருந்தவை குழாய் ஊடுருவல், ஆழம், பக்கத் திசுவுக்குப் பரவியிருப்பது ஆகிய மூன்றும்தான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. குழாய் ஊடுருவல் இருந்தாலும் ஃபிகோ நிலை எண் மாறாது. 'ஸ்டேஜ் ஒன்று' என்று மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருபவருக்கு இந்தத் தகவல் தெரியாமலே போய்விடும்.

காரணி 4: பக்கத் திசு

கருப்பை வாயின் இரு பக்கமும் இருக்கும் இணைப்புத் திசு வழியாகத்தான் நிணநீர்க் குழாய்கள் இடுப்புச் சுவருக்குப் போகின்றன. புற்று அங்கே போயிருந்தால் முடிச்சுக்கும் போயிருக்கும் வாய்ப்பு வெகுவாகக் கூடும். ஆபரேஷனுக்கு முன் ஆரம்ப நிலை என்று நினைத்தவர்களில் சிலருக்கு, எடுத்த திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போதுதான் இது தெரியவரும்.

இவை தவிர, செல்லின் வகையையும் தரத்தையும் ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். தட்டை செல் வகையா, சுரப்பி செல் வகையா, செல்கள் எவ்வளவு உருமாறியிருக்கின்றன என்பதெல்லாம் டாக்டரின் கணக்கில் சேரும்.

இரண்டு ரிப்போர்ட், ஒரே ஸ்டேஜ்

இப்போ ஒரு பயிற்சி. கீழே இருப்பவை பாடத்துக்காக உருவாக்கிய மாதிரிகள். இருவருக்கும் ஆபரேஷன் முடிந்துவிட்டது. இருவருக்கும் கருப்பை வாய்ச் சுவரின் தடிமன் 15 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

முதல் பெண்: கட்டி 1.5 செ.மீ., ஆழம் 6 மி.மீ., குழாய் ஊடுருவல் இல்லை, நிணநீர் முடிச்சு 0/18.

இரண்டாம் பெண்: கட்டி 1.8 செ.மீ., ஆழம் 12 மி.மீ., குழாய் ஊடுருவல் இருக்கிறது, நிணநீர் முடிச்சு 0/18.

'0/18' என்றால் 18 முடிச்சுகளை எடுத்துப் பார்த்ததில் ஒன்றில்கூடப் புற்று இல்லை என்று பொருள்.

ஃபிகோ கணக்குப்படி இருவருமே 1பி1. ஆனால் சிகிச்சை ஒன்றாக இருக்காது. முதல் பெண்ணுக்கு ஆபரேஷனோடு முடிந்து, தொடர்ந்து செக்கப் போதும் என்று சொல்ல வாய்ப்பு அதிகம். இரண்டாம் பெண்ணுக்கு முடிச்சில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் கதிர்வீச்சு பற்றிப் பேசுவார்கள். காரணம், ஆழம் அடிப் பங்குக்குப் போயிருக்கிறது, குழாய்க்குள்ளும் செல்கள் இருக்கின்றன. இந்த மூன்று காரணிகளையும் சேர்த்துப் பார்க்கும் விதிக்கு, ஆய்வை நடத்திய மருத்துவர் பெயரால் 'செட்லிஸ் விதி' என்று பெயர். 1999-ல் வெளிவந்த அந்த ஆய்வில் இப்படி முடிச்சில் நோய் இல்லாத, மற்ற காரணிகள் சேர்ந்திருந்த 277 பெண்கள் இருந்தார்கள். ஆபரேஷனோடு விட்டவர்களில் 28 சதவீதம் பேருக்கு நோய் திரும்ப வந்தது. கதிர்வீச்சும் கொடுத்தவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான் வந்தது.

இரண்டாம் பெண்ணுக்கே '1/18' என்று வந்திருந்தால்? கட்டி 1.8 செ.மீ. தான், ஆனால் நிலை ஒரேயடியாக 3சி1 ஆகிவிடும். 2018-க்கு முன்பு முடிச்சில் நோய் இருந்தாலும் நிலை எண் மாறாது. இப்போது மாறும். அப்போது கதிர்வீச்சோடு கீமோவும் சேரும். முடிச்சு, பக்கத் திசு, வெட்டிய ஓரம் இவற்றில் ஏதாவது ஒன்றில் நோய் இருந்த பெண்களை வைத்து 2000-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் கொடுத்தவர்களில் நான்கு ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 71 சதவீதம். கீமோவும் சேர்த்தவர்களில் 81 சதவீதம்.

ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிடாதா?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். சென்சார் பற்றிப் படித்தவர்களுக்குப் பதில் எளிது: த்ரெஷோல்டு பிரச்சினை. சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பொதுவாக ஒரு முடிச்சின் குறுக்கு அளவு 10 மி.மீ.-க்கு மேல் இருந்தால்தான் சந்தேகப்படுவார்கள். ஆனால் ஒரு முடிச்சுக்குள் 1 மி.மீ. அளவுக்குப் புற்றுச் செல்கள் குடியேறியிருந்தால் அந்த முடிச்சு வீங்கவே வீங்காது. ஸ்கேன் 'நார்மல்' என்று சொல்லும். அதே சமயம், சாதாரணத் தொற்றால் வீங்கிய முடிச்சும் ஸ்கேனில் பெரிதாகத் தெரியலாம். பெட் ஸ்கேன் இன்னும் கொஞ்சம் நுட்பமானது. அதுவும் மிகச் சிறிய படிவுகளைத் தவற விடும்.

அதனால்தான் ஸ்கேனோடு மேலே சொன்ன காரணிகளையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். முடிச்சில் நோய் இருக்க வாய்ப்பு அதிகம் என்று முன்பே தெரிந்தால், ஆபரேஷன் செய்யாமல் நேராகக் கதிர்வீச்சும் கீமோவும் தொடங்குவது உண்டு. ஆபரேஷனும் செய்து, பிறகு கதிர்வீச்சும் கொடுத்தால் இரண்டின் பக்கவிளைவும் அந்த ஒரே உடம்புக்குத்தான். சிறுநீர் பிரச்சினை, குடல் பிரச்சினை, கால் வீக்கம் என்று நீளும். முன்கணிப்புக்கு இவ்வளவு மெனக்கெடுவது அந்த இரட்டைச் சுமையைத் தவிர்க்கத்தான்.

முதல் குளத்தை மட்டும் பார்த்தால்?

முடிச்சுகளை எடுக்கும் வழக்கத்துக்கே ஒரு வரலாறு இருக்கிறது. அதில் நம்ம நாட்டுப் பெயரும் உண்டு. வியன்னாவில் எர்ன்ஸ்ட் வெர்தைம் 1898-ல் வயிற்றைத் திறந்து கருப்பையையும் சுற்றுத் திசுவையும் அகலமாக எடுக்கும் ஆபரேஷனைத் தொடங்கினார். அதே ஊரில் ஃபிரிட்ரிக் ஷௌட்டா, வயிற்றைத் திறக்காமல் பிறப்புறுப்பு வழியாகவே அதைச் செய்தார். நோயாளிக்கு அது பாதுகாப்பு, ஆனால் அந்த வழியில் நிணநீர் முடிச்சுகளை எட்ட முடியவில்லை. கல்கத்தாவில் டாக்டர் சுபோத் மித்ரா அந்தக் குறையைச் சரிசெய்தார். பிறப்புறுப்பு வழி ஆபரேஷனோடு, வயிற்றுறைக்கு வெளியாகவே போய் முடிச்சுகளை எடுக்கும் முறையைச் சேர்த்தார். உலகப் பாடப்புத்தகங்களில் அது 'மித்ரா ஆபரேஷன்' என்றே இடம்பெற்றது.

எல்லா முடிச்சையும் எடுப்பதற்கு ஒரு விலை உண்டு. வடிகால் போய்விட்டால் காலில் நீர் தேங்கி நிரந்தர வீக்கம் வரலாம். பார்ப்பவர்கள் யானைக்கால் என்று நினைத்துக்கொள்வார்கள். நம்ம ஊர்களில் அது அந்தப் பெண்ணுக்கு நோயைவிடப் பெரிய மனக்கஷ்டமாகிவிடும். அதனால் இப்போது 'முதல் குளத்தை மட்டும் பார்ப்போம்' என்ற முறை வளர்ந்து வருகிறது. கருப்பை வாயில் நிறச்சாயம், ஒளிரும் சாயம், அல்லது லேசான கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் முடிச்சை மட்டும் எடுத்து, மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்ப்பார்கள். இதைக் 'காவல் முடிச்சு' சோதனை என்று சொல்லலாம். சிறிய கட்டிகளில், இரண்டு பக்கமும் காவல் முடிச்சு சரியாகக் கிடைத்தால் இது நன்றாகவே உதவுகிறது.

அபாயக் காரணிகள் குறைவாக இருந்தால் ஆபரேஷனையே சின்னதாக்கலாம் என்றும் தெரிந்திருக்கிறது. 2024-ல் 'ஷேப்' என்ற ஆய்வின் முடிவு வந்தது. கட்டி 2 செ.மீ.-க்குள், ஆழமும் குறைவு என்றிருந்த 700 பெண்களில் ஒரு பாதிக்கு அகலமான பெரிய ஆபரேஷன், மறு பாதிக்குச் சாதாரணமாகக் கருப்பையை மட்டும் எடுக்கும் ஆபரேஷன். மூன்று ஆண்டில் இடுப்புப் பகுதியில் நோய் திரும்பியது பெரிய ஆபரேஷனில் 2.17 சதவீதம், சாதாரண ஆபரேஷனில் 2.52 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. சிறுநீர் தொடர்பான தொல்லைகளோ சாதாரண ஆபரேஷன் செய்தவர்களுக்குக் குறைவு. நோயைச் சின்னதாக இருக்கும்போதே பிடித்தவர்களுக்குக் கிடைத்த பலன் இது.

திண்டுக்கல் சொன்ன பாடம்

சின்னதாக இருக்கும்போதே பிடிப்பது எப்படி? இதற்கு உலகமே எடுத்துக்காட்டும் ஆய்வுகளில் ஒன்று நம்ம தமிழ்நாட்டில்தான் நடந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் தொடங்கியது. 30 முதல் 59 வயதுப் பெண்கள். ஊர் ஊராக 114 தொகுப்புகளாகப் பிரித்து, பாதித் தொகுப்புகளில் சோதனைக்கு அழைத்தார்கள், மீதிப் பாதியில் வழக்கமான கவனிப்பு. நம்ம மொழியில் சொன்னால் கண்ட்ரோல் குரூப் வைத்த சரியான பரிசோதனை.

செய்த சோதனைக்குப் பெரிய மெஷின் எதுவும் தேவைப்படவில்லை. வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை நீர்க்க வைத்துக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் விட்டு வெறும் கண்ணால் பார்ப்பது. மாறுதல் அடைந்த இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்சுகளே செய்தார்கள். அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள். அதுவும் ஒரே ஒரு முறைதான். மாறுதல் இருந்தவர்களுக்குச் சிகிச்சை கொடுத்தார்கள்.

டாக்டர் ஆர். சங்கரநாராயணன் தலைமையிலான குழு 2007-ல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டது. அழைக்கப்பட்ட ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதம் குறைந்திருந்தது. அதனால் ஏற்பட்ட மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது. வராத பெண்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு இது. வாழ்நாளில் ஒரு தடவை, ஒரு துளி அமிலம், ஒரு நிமிடம்.

முன்னால் படித்த காரணிகளோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். ஆழமும் அளவும் குழாய் ஊடுருவலும் நேரம் போகப் போகக் கூடுகிறவை. புற்றாவதற்கு முன்பே மாறுதலைப் பிடித்துவிட்டால் அந்த நான்கு காரணிகளுமே பூஜ்யம். முடிச்சைப் பற்றிய கேள்வியே எழாது.

நம்ம தென்காசிப் பக்கம்

திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனது. ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையநல்லூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் பெண்கள் உண்டு. அன்றைக்குச் சுற்றினால்தான் அன்றைக்குக் கூலி. "உடம்புக்கு ஒண்ணுமில்லாதப்ப எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு நாளைக் கெடுக்கணும்" என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சோதனைக்கு அரை நாள். முடிச்சுக்குப் போன பிறகு என்றால் கதிர்வீச்சு மட்டும் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் சுமார் ஐந்து வாரம், நடுவில் வாரம் ஒரு கீமோ, அதன் பிறகு உள்கதிர்வீச்சு. அதற்கு திருநெல்வேலி, மதுரை மாதிரிப் பெரிய ஊர்களுக்குப் போக வேண்டும். கூட ஒரு ஆளும் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். சிகிச்சைச் செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்றாலும் போன கூலியை யாரும் தரப்போவதில்லை.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். நாட்டின் சராசரி இரண்டு சதவீதம்கூட இல்லை என்பதால் நாம் முன்னால் இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். பத்தில் ஒன்பது அம்மாக்கள் இன்னும் போகவில்லை என்பதும் அதே எண்தான் சொல்கிறது. இத்தனைக்கும் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 30 வயது தாண்டிய பெண்களுக்கு இந்தச் சோதனை இலவசம்.

நாம செய்யக் கூடியது

1. அம்மா, சித்தி, அத்தை, பெரியம்மா யாராவது 30 வயதைத் தாண்டியிருந்தால் 'கருப்பை வாய் செக்கப் பண்ணிட்டீங்களா' என்று ஒரு தடவை கேளுங்கள. பசங்களுக்குக் கூச்சமாக இருந்தால் அக்கா, தங்கச்சி மூலமாகக் கேட்கலாம். கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் எந்த நாளில் வரலாம் என்று அவர்களே சொல்வார்கள்.

2. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் படுவது, தாம்பத்திய உறவுக்குப் பின் ரத்தம் படுவது, நாற்றத்தோடு வெள்ளைப்படுவது, இவற்றில் ஏதாவது இருந்தால் வழக்கமான சோதனை நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். இவை சாதாரணத் தொற்றாலும் வரும். அதைப் பிரித்துச் சொல்ல வேண்டியது டாக்டர்தான்.

3. எச்.பி.வி. தடுப்பூசி 9 முதல் 14 வயதில் போட்டால் பலன் அதிகம். 26 வயது வரையும் போடலாம் என்பதால் நம்ம வகுப்பில் இருக்கும் தோழிகளுக்கும் இது பொருந்தும். தடுப்பூசி போட்டாலும் 30 வயதுக்கு மேல் சோதனை தேவை.

4. யாருக்காவது நோய் உறுதியாகி ரிப்போர்ட் உங்கள் கைக்கு வந்தால் ஐந்து இடத்தைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்: கட்டியின் அளவு, ஆழம், குழாய் ஊடுருவல், பக்கத் திசுவும் வெட்டிய ஓரமும், நிணநீர் முடிச்சுக் கணக்கு. பிறகு டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இதையெல்லாம் வச்சுப் பார்த்தா முடிச்சுக்குப் போயிருக்க வாய்ப்பு எவ்வளவு, அதனால சிகிச்சை எப்படி மாறும்?"

5. ரிப்போர்ட்டைப் படித்து நீங்களே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒரே எண்ணுக்கு வயது, குழந்தை வேண்டுமா என்ற விருப்பம், வேறு நோய்கள் என்று பார்த்து டாக்டர் வேறு முடிவு எடுக்கலாம். சரியான கேள்வியோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் உட்காருவதுதான் நம்ம வேலை.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருக்கலாம். அருவிக்குப் போகிற வழியிலேயே ஆரம்ப சுகாதார நிலையமும் இருக்கும். ஒரு அரை நாள் ஒதுக்கி வீட்டுப் பெண்களை அங்கே கூட்டிப் போங்கள். அருவி எங்கேயும் போயிடாது.